மாதம் ஒரு டின் எண்ணெய்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ள வங்கிக் கிளைகளின் மேலாளர்களுக்கு,

வணக்கம். நான் காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு (தட்டை) போட்டு, கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருடம் மாந்தோப்பு குத்தகை எடுத்தேன். இரண்டுக்கும் நடுவில் திவாலானேன். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், நான் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்.

2024 மே மாதம் உங்களில் ஒருவருடைய கிளைக்கு வந்தேன். எந்தக் கிளை என்று சொல்லப் போவதில்லை. நிப்பட்டு மாவு பிசையும் மெஷினுக்காக முத்ரா கடன் 50,000 ரூபாய் கேட்டேன். அதிகாரி ஆதாரையும் பான் கார்டையும் வாங்கினார், கணினியில் சிபில் என்ற கடன் மதிப்பெண்ணைப் பார்த்தார், "உங்க சிபில் சரியில்லைங்க" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எது சரியில்லை, எப்படிச் சரியாகும், யாரைப் பார்க்க வேண்டும் என்று யாராவது இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் அடுத்த ஏழு மாதம் நான் தண்டல்காரரிடம் நின்றிருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

எப்படி விழுந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோப்புக் குத்தகையில் பணம் முதலில் போக வேண்டும். பூ எடுக்கும்போதே தோப்புக்காரருக்கு முன்பணம், அப்புறம் மருந்து, காவல், பறிகூலி, டெம்போ வாடகை. காய் மாங்கூழ் தொழிற்சாலைக்கோ மண்டிக்கோ போன பிறகுதான் பணம் திரும்பும். அந்த நான்கைந்து மாத இடைவெளியை நான் கிரெடிட் கார்டில் ஓட்டினேன். ஓசூரில் ஒரு கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கொடுத்த கார்டு ஒன்று, போனில் கூப்பிட்டுக் கொடுத்தது இரண்டு. மூன்றும் சேர்த்து நான்கரை லட்சம் வரம்பு. மருந்துக் கடையில் தேய்ப்பேன், டீசலுக்குத் தேய்ப்பேன், கூலி கொடுக்க ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணமாகவும் எடுப்பேன். பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரிசர்வ் வங்கி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது. கட்ட வேண்டாம் என்றே நான் புரிந்துகொண்டேன். என்னைப் போல நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். கார்டு பாக்கியில் அந்த ஆறு மாத வட்டியும் ஏறிக்கொண்டே இருந்தது. அடுத்த வருடமும் சரியாக மாம்பழக் காலத்தில் ஊரடங்கு. பெங்களூரா காயைப் பறிக்க ஆள் இல்லை, ஏற்ற வண்டி இல்லை. நான் கார்டுகளுக்குக் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் குறைந்தபட்சத் தொகை என்னவென்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். 50,000 ரூபாய் பாக்கி என்று வையுங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 315 ரூபாய். குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டச் சொன்னால் நான் கட்டுவது 2,500. அதில் அசலில் குறைவது 435 ரூபாய். மாதா மாதம் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற நிம்மதியில் இருந்தேன், கடன் இருந்த இடத்திலேயே இருந்தது. போதாக்குறைக்கு, முழுப் பாக்கியையும் கட்டாத மாதத்தில் புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். வட்டியில்லா நாட்கள் என்று விளம்பரத்தில் சொல்வது முழுத்தொகை கட்டுகிறவருக்கு மட்டும்தான். கார்டு கொடுக்க வந்தவர் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை, அந்தத் தவறு என்னுடையது.

2021 கடைசியில் கிருஷ்ணகிரி சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி., அதாவது திவால் மனு, போட்டேன். 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் தனிமனிதருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. அதனால் எங்களுக்கு இன்னமும் 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம்தான். அதன்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம். டெம்போவை அதற்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் எடுத்துக்கொண்டது, அது அடமானக் கடன். ஊருக்கு வெளியே இருந்த ஒரு மனையை, திவாலானவர் சொத்தைப் பொறுப்பில் எடுக்கும் அபிஷியல் ரிசீவர் விற்று, கிடைத்ததைக் கடன்காரர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுத்தார். வீட்டுப் பாத்திரம், பாய் படுக்கை, மனைவியின் தாலி ஆகியவற்றை மட்டும் சட்டம் தொடவில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. திவாலானவர், பழைய கடன்களிலிருந்து விடுபட நீதிமன்றம் தரும் விடுவிப்பு உத்தரவை வாங்கும்வரை யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், தான் திவாலானவன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. 1920-ல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு கிலோ அரிசி மாவுக்கும் ஒரு கிலோ பொட்டுக்கடலைக்கும் போதாது. ஆனால் சட்டத்தில் தொகை மாறவில்லை. அதனால் நான் மளிகைக் கடையில் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்: "அண்ணே, நான் ஐ.பி. கொடுத்தவன், இன்னும் விடுதலை ஆகலை, கடனுக்கு மாவு வேணும்." முதல் தடவை சொல்லும்போது கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எனக்குக் குரல் எழும்பவில்லை. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது ஊருக்கே தெரியும்ப்பா. மாவு எத்தனை கிலோ வேணும், அதைச் சொல்லு" என்றார். நோட்டில் எழுதினார். சனிக்கிழமை கொடுத்தேன், கோடு போட்டு அடித்தார். திரும்ப வாங்கினேன், திரும்பக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் ஒரு மூட்டை வரைக்கும் கடனுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

உங்கள் கணினியில் தெரியும் 300 முதல் 900 வரையிலான எண்ணுக்கும் அந்த நோட்டுக்கும் வேலை ஒன்றுதான். நோட்டில் பழைய கோடும் தெரியும், நேற்றைக்குப் போட்ட கோடும் தெரியும். அவர் இரண்டையும் பார்த்தார்.

2024 மார்ச்சில் விடுவிப்பு உத்தரவு கிடைத்தது. அன்றைக்கு நீதிமன்ற வாசலில் நின்று என் மனைவிக்குப் போன் செய்தபோது அழுதுவிட்டேன். இரண்டே மாதத்தில் உங்கள் கிளையில் அந்த வார்த்தையைக் கேட்டேன்.

பிறகு என் கடன் அறிக்கையை நானே எடுத்துப் பார்த்தேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் எண் குறையாது. இதுகூட எனக்கு 48 வயதில்தான் தெரிந்தது. எண் 518. அதைவிட என்னை உலுக்கியது வேறு. நீதிமன்றம் என்னை விடுவித்த கடன்கள் மூன்றும், விடுவித்த பிறகும், முழுப் பாக்கியோடு நின்றன. ஒரு கார்டுக் கணக்கில் பாக்கி மாதா மாதம் வட்டியோடு வளர்ந்தும் இருந்தது. சட்டப்படி இல்லாத கடன் அறிக்கையில் வளர்கிறது என்றால், அதைப் பார்க்கும் எந்த அதிகாரியும் என்னை நம்ப மாட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

உத்தரவின் நகலோடு ஒவ்வொரு வங்கிக்கும் போனேன். ஒரு கிளையில் "இது ஹெட் ஆபீஸ் விஷயம்" என்றார்கள். ஒன்றில் கார்டு பிரிவுக்கு மெயில் போடச் சொன்னார்கள். மெயிலுக்குப் பதில் கணினியே அனுப்பியது. கடன் தகவல் நிறுவனத்தில் புகார் பதிந்தேன், ஆனால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் அவர்கள் எதையும் திருத்த முடியாது. இப்படிப்பட்ட புகாரை 30 நாளில் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இந்த விவரத்தை நான் கிளையில் சொன்னபோது எதிரில் இருந்த தம்பி, "அப்படி ஒண்ணு இருக்குதா சார்?" என்று உண்மையாகவே கேட்டார். இரண்டு வங்கிகள் திருத்திவிட்டன. ஒன்று இன்னும் திருத்தவில்லை. அந்த நூறு ரூபாய் எனக்கு வேண்டாம், திருத்தினால் போதும்.

என் மச்சானைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. என் பர்சனல் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். நான் விடுதலையானாலும் ஜாமீன்தாரர் விடுதலையாக மாட்டார், சட்டம் அப்படித்தான். வங்கி அவரைப் பிடித்தது. அவர் சேமிப்பை உடைத்து, பேசி முடித்து, பாக்கியில் அறுபது சதவீதம் கட்டிக் கணக்கை முடித்தார். முடித்துவிட்டோம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். அறிக்கையில் அது 'குளோஸ்டு' (முழுவதும் கட்டி முடித்தது) என்று வராது, 'செட்டில்டு' (குறைத்துப் பேசி முடித்தது) என்றுதான் வரும், அந்த ஒரு வார்த்தை வருடக்கணக்கில் கூட வரும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தொகையைக் குறைத்துப் பேசி முடித்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதமாவது புதுக் கடன் கொடுக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. அடுத்த வருடம் அவர் மகளுக்குக் கல்லூரிக் கடன் கேட்கப் போனபோதுதான் அவருக்கு எல்லாம் தெரிந்தது. என் அக்கா வீட்டில் நகை அடகு வைத்து அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டினோம். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வங்கிக் கதவு மூடினால் நாங்கள் எங்கே போவோம் என்பது இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் வருட வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் காலையில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கப் பணம் வேண்டும் என்றால் சட்டத்தைப் பார்க்கவா முடியும்? ஏழு மாதம் கட்டினேன்.

என்னை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர். வாரம் ஒருமுறை நிப்பட்டு வாங்க வருவார். ஒருநாள் பேச்சுவாக்கில் என் கதையைக் கேட்டுவிட்டு, "எஃப்.டி. போட்டு அது மேல ஒரு கார்டு வாங்குங்க. அதுக்குச் சிபில் பார்க்க மாட்டாங்க" என்றார். கார்டு என்ற வார்த்தையைக் கேட்டதுமே என் மனைவி உள்ளே எழுந்து போய்விட்டாள். அவள் பயம் நியாயமானது. ஒரு வாரம் யோசித்தோம்.

நான்கு மாதம் சேர்த்து 15,000 ரூபாய் வைப்புநிதி போட்டேன். அதன்மேல் 12,000 ரூபாய் வரம்பில் ஒரு கார்டு கொடுத்தார்கள். நான் கட்டாவிட்டால் வங்கி அந்த வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதனால் வங்கிக்கு நஷ்டம் இல்லை. வைப்புக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும், அதனால் எனக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் நான் கட்டுவது மற்றக் கார்டுகளைப் போலவே கடன் அறிக்கையில் ஏறும். எனக்கு வேண்டியது அதுதான்.

நாங்கள் வீட்டில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அந்தக் கார்டில் மாதம் ஒரு டின் எண்ணெய். வேறு எதுவும் இல்லை. டீக்கடைவரை யூ.பி.ஐ.யில் தேய்க்கலாம் என்று ரூபே கார்டுக்கு இப்போது வசதி இருக்கிறது. நான் அதை இணைக்கவே இல்லை. ஒரு டின் எண்ணெய் என்றால் வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான் வரும். வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் நிற்பது எண்ணுக்கு நல்லது என்று காசாளர் ஐயா சொல்லியிருந்தார். நிப்பட்டு விற்ற பணம் அந்த வாரமே கைக்கு வந்துவிடும், எண்ணெய்க்கான பணத்தை என் மனைவி தனியாக ஒரு டப்பாவில் வைத்துவிடுவாள். பில் 12-ஆம் தேதி வரும். கடைசி நாள்வரை காத்திருக்காமல் 13-ஆம் தேதியே முழுத்தொகையும் கட்டிவிடுவேன். அதற்கு மேல் மறதிக்குக் காப்பாக, கணக்கிலிருந்து முழுத்தொகை தானாகப் போகும்படியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'குறைந்தபட்சம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள் என்று கிளையில் இரண்டு தடவை சொன்னேன். ஏ.டி.எம்.மில் அந்தக் கார்டு ஒருமுறைகூட நுழைந்ததில்லை. நடுவில் வேறு எந்தக் கடனுக்கும் விண்ணப்பம் போடவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகி எண்ணைக் கொஞ்சம் இறக்கும். பதினாறு மாதத்தில் 518 என்பது 667 ஆனது. பெரிய எண் இல்லை என்று தெரியும். எனக்கு அது நீதிமன்ற உத்தரவுக்கு அடுத்த காகிதம்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

கடன் மறுக்க வேண்டும் என்றால் மறுத்துவிடுங்கள், அது உங்கள் பொறுப்பு. ஆனால் "சிபில் சரியில்லை" என்பதோடு அனுப்பிவிடாதீர்கள். எந்தக் கணக்கு, எந்த வங்கி, என்ன நிலை என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். கடனுக்கு இத்தனை எண் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்தக் குறைந்தபட்சமும் விதிக்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. எண் ஒரு சாட்சி. தீர்ப்பு உங்களுடையது, அதனால் அந்தத் தீர்ப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியவர்களும் நீங்கள்தான்.

அந்தச் சீட்டின் பின்பக்கத்தில், வைப்புநிதியின் மேல் கார்டு உண்டு என்று ஒரு வரி அச்சிடுங்கள். வைப்புநிதி, தங்க நகைக்கடன், காப்பீடு எல்லாவற்றுக்கும் கிளைச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு படமும் நான் பார்த்ததில்லை. லாபம் குறைவு என்பதாலோ என்னவோ. திவாலான ஒருவருக்கு இந்த மாவட்டத்தில் இதைவிடப் பெரிய உதவி உங்களால் செய்ய முடியாது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சித் திடலில் ஒரு மேசை போட்டு, கடன் அறிக்கையை எப்படி எடுப்பது என்று மட்டும் காட்டுங்கள். குத்தகைக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே வருகிறோம்.

பேசி முடிக்கும் கணக்குகளில், பணம் வாங்குவதற்கு முன்னால், 'செட்டில்டு' என்றால் என்ன என்று சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். முக்கியமாக ஜாமீன்தாரர்களிடம். தெரிந்திருந்தால் என் மச்சான் இன்னும் ஆறு மாதம் பொறுத்து முழுவதுமே கட்டியிருப்பார்.

இன்னொன்று. எண் ஏற ஆரம்பித்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிட்டது. வரம்பை உயர்த்தலாம், இரண்டாவது கார்டு, உடனடிக் கடன். நான் கேட்காமல் கார்டு அனுப்பவோ வரம்பை உயர்த்தவோ கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டுவிட்டது. விதியை மீறாமல், சம்மதம் வாங்குகிறோம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் காயம் ஆறிக்கொண்டிருக்கும் இடத்திலேயே கை வைப்பது போல் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் கணக்கில், அவர்களாகக் கேட்கும்வரை கூப்பிட வேண்டாம் என்று ஒரு குறிப்புப் போட முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக, எனக்கு மிக அவசரமானது. நீதிமன்ற விடுவிப்பு உத்தரவோடு ஒருவர் வந்தால் அதை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு கிளையிலும் ஒருவரை நியமியுங்கள். வாங்கியதற்கு ஒரு முத்திரை குத்திக் கொடுங்கள். அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் அனுப்புவது உங்கள் பக்கத்து வேலையாக இருக்கட்டும். உங்களுக்கு மேலே 14448 என்ற எண்ணில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் உதவி மையம் இருப்பது எனக்குத் தெரியும். அங்கே போவதற்கு முன்னால் உங்களிடம் கேட்கிறேன், ஏனென்றால் தினமும் நான் கடந்து போகும் தெருவில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

உத்தரவின் சான்றிட்ட நகல் இன்னும் நான்கு என்னிடம் இருக்கிறது. எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு, பதினொரு மணிக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்து நிப்பட்டு வியாபாரி ஒருவன்